அப்பாவின் மூன்றாவது அழைப்பு

ரெம்பியா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பால்மரம் வெட்டி, பின்பு ஆட்களை மேற்பார்க்கும் மண்டோராகி, விடியுமுன் வருகை எடுக்கும் பெரட்டுக்களத்தில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டே வாழ்ந்தவர் எங்கள் அப்பா. ஒருவர் வராவிட்டால் வீட்டுக்கே போய் விசாரிப்பார். காய்ச்சல் என்று தெரிந்தால் எங்கள் வீட்டிலிருந்து கஞ்சி போகும்.

ஓய்வு பெற்று ஜாசின் பட்டணத்துக்குக் குடிவந்ததும், "உழைச்சது போதும், உக்காருங்கப்பா" என்று பிள்ளைகள் நாங்கள் நாற்காலி போட்டோம். பாசம்தான், வேறென்ன? பழகிய முகங்கள் இங்கே இல்லை. காது மந்தமாகவே பேச்சும் குறைந்தது. தலை சுற்றவில்லை என்று பிரஷர் மாத்திரையையும் அவரே நிறுத்திவிட்டார். நாங்கள் யாரும் கேட்கவில்லை.

பிறகு மறதி வந்தது. முதலில் வீட்டுக்கு வழி மறந்தது, அப்புறம் மூத்த மகளான என் பெயர். அவர் வாயால் ஒருமுறை அதைக் கேட்டுவிட மாட்டோமா என்று ஏங்கிப்போனேன்.

ஒரு விடியலில் வாசலில் நின்று பெரட்டு எடுக்க ஆரம்பித்தார். கூப்பிட்டதெல்லாம் செத்துப்போனவர்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் நிறுத்தி, இருட்டைப் பார்த்துத் தலையசைப்பார், அங்கே யாரோ "இருக்கேன்" என்றதுபோல. தினமும் இதே கதை. பக்கத்து வீட்டில் சன்னலைச் சாத்தினார்கள். காத்து கருப்பு என்று அம்மா தாயத்துக் கட்டினார்.

"பேயில்லம்மா, மூளை நோய் லா," என்றார் கிளினிக் டாக்டர். "இதனாலதான் வந்துச்சுன்னு உறுதியா சொல்ல முடியாது. ஆனா பிரஷர விடக்கூடாது, காது கேக்கலன்னா பாத்துடணும், நடக்கணும், நாலு பேரோட பேசணும். வயசான பிறகு இல்ல, இப்பவே. உங்களுக்கும்தான் சொல்றேன்."

அப்பா படுக்கையில் விழுவதற்கு முந்தின விடியலில், அந்தச் செத்தவர்கள் வரிசையில் என் பெயர் வந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா பொத்தினார்.

"பதில் சொல்லாதடி! மூணாவது வாட்டி கூப்பிட்டாத்தான் மனுசக் குரல், ரெண்டோட நின்னா காத்து கருப்பு!"

அப்பா இரண்டாம் முறையும் கூப்பிட்டார். இருட்டையே பார்த்துக் காத்திருந்தார். "வரல" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

வழி தவறிய அப்பாவைக் கைப்பிடித்துக் கொண்டுவந்து விட்ட அண்டை வீட்டாருக்கும், முகம் சுளிக்காமல் கவனித்த ஆஸ்பத்திரி மிஸ்ஸிகளுக்கும், அப்பா போன பின் காரியங்களுக்குத் தோள் கொடுத்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவரை நாற்காலியோடு விட்டுவிடாதீர்கள்.

டாக்டர் சொன்னபடி நானும் இப்போது விடியலில் நடக்கிறேன். செம்பனைத் தோட்டத்து ஓரம் இருட்டாக இருக்கும். சில நாள் பின்னாலிருந்து என் பெயர் கேட்கிறது. மூன்றாவது அழைப்புக்கு நான் காத்திருப்பதில்லை. "இருக்கேன்ப்பா" என்று சொல்லிவிடுகிறேன்.