காலியாக விடக்கூடாத கட்டம்

பொங்கலுக்குக் கம்பெனி பூட்டிக் கிடந்த மூன்று நாளும் போர்வெல்லிலிருந்து தினம் நாற்பத்திரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் இறைத்ததாகக் கம்ப்யூட்டரில் இருந்த தினசரிக் கணக்கு ஷீட் சொன்னது. பூட்டிய கம்பெனியில் யார் குளித்தார்களாம்? முன்னும் பின்னும் பார்த்தேன். எல்லா நாளும் அதே எண். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

எங்கள் தொழிற்சாலை வண்டலூர் தாண்டி இருக்கிறது. எவ்வளவு தண்ணீர், டீசல், மின்சாரம் செலவழித்தோம் என்று வருடா வருடம் சுற்றுச்சூழல் அறிக்கை வெளியிடுவோம். அதற்கு வந்து சேரும் எண்கள் உண்மைதானா என்று பார்ப்பது என் வேலை. போர்வெல் எண்ணைத் தினமும் ஷீட்டில் போடுவது பம்ப் ஆபரேட்டர். விஷயத்தைச் சொன்னதுமே மேனேஜர், "கான்ட்ராக்ட் ஆள்தானே? கேட் பாஸை கேன்சல் பண்ணிடலாம். நீங்க ரிப்போர்ட் மட்டும் குடுங்க" என்றார். நானும் தலையாட்டினேன், கடவுளே.

மறுநாள் காலை பெருங்களத்தூரில் பஸ் நகராமல் நின்ற அரைமணி நேரமும் அந்த பம்ப் ஆபரேட்டரை மனதுக்குள் வறுத்தெடுத்தேன்.

ஐம்பது வயதிருக்கும் அவருக்கு, பக்கத்து ஊர்க்காரர். போனதுமே நான் கத்தித் தீர்த்தேன். அவர் போர்வெல் மீட்டரைக் காட்டினார். கண்ணாடிக்குள் ஆவி படிந்து வெள்ளையாக இருந்தது. ஓர் எண்கூடத் தெரியவில்லை.

"ஒரு மாசமா இப்டித்தான் கீது மேடம். சொல்லிக்கினேதான் இருக்கேன், யாரும் மாத்தல."

"தெரியலைன்னா காலியா விட வேண்டியதுதானே?"

"வுட்டா கட்டம் செவப்பாவுது. லீவு நாளுக்கு சைபர் போட்டாலும் செவப்பாவுது. அனுப்பவே முடில. சூப்பர்வைசர் சார்தான், பழைய நம்பரையே போட்டுக்கினு போய்யான்னாரு."

சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். தனக்காக எழுதி வைத்திருந்தது. ஒவ்வொரு தேதிக்கும் நேராக, 'மீட்டர் தெரியல.' பொங்கல் நாட்களில், 'மோட்டார் போடல.'

ஷீட்டில் அந்தச் சிவப்பை வைத்தது நான். காலியும் கூடாது, சைபரும் கூடாது, யாரும் சோம்பேறித்தனம் பண்ண முடியாது என்று மீட்டிங்கில் பெருமையடித்துக் கைதட்டல்கூட வாங்கினேன். நோட்டில் உண்மை எழுதிய மனிதரை என் ஷீட்தான் பொய் சொல்ல வைத்திருக்கிறது.

ரிப்போர்ட்டில் அப்படியே எழுதினேன்: தெரியவில்லை என்று சொல்ல இந்த ஷீட்டில் இடமில்லை, இதை வடிவமைத்தது நான், ஆபரேட்டர்மேல் தவறில்லை. மேனேஜர் இரண்டு தடவை படித்தார். "இதெல்லாம் எழுதணுமாம்மா?" என்றார். "எழுதணும் சார்" என்றேன். கேட் பாஸ் தப்பித்தது.

புது மீட்டர் மாட்டிய அன்று அவரிடம் போய் ரிப்போர்ட்டில் எழுதியதைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"உங்க பேரயா எழுதிட்டீங்க? உங்க வேலைக்கு ஒண்ணும் ஆவாதே மேடம்?"

"ஆகாதுண்ணா."

ஆகவில்லைதான். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் தலையாட்டியதோடு விட்டிருந்தால் அவர் அன்றைக்கே வெளியே நின்றிருப்பார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.