மூக்கு உடைஞ்சா அது எந்த வகை?

இன்னைக்குக் காலையில தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில, எங்க டெஸ்டர் ஜெபராஜ் எங்க டெவலப்பர் கார்த்தியோட மூக்கை உடைச்சுட்டான்.

ஹெல்மெட்டாலேயே அடிச்சான். டீ கிளாஸெல்லாம் நொறுங்கி, கார்த்தி சட்டை முழுக்க ரத்தம்.

எங்க ஆபீஸ்ல சாஃப்ட்வேர்ல எதை மாத்தினாலும் அது எந்த வகைன்னு குறிக்கணும். 'பக்'னு, அதாவது தப்புன்னு, குறிச்சா அன்னைக்கே சரி பண்ணணும், எழுதினவன் பேரும் கெடும். 'என்ஹான்ஸ்மென்ட்'னு, அதாவது சும்மா மெருகேத்தற வேலைன்னு, குறிச்சா மாசக் கடைசி வரைக்கும் நிம்மதியா தூங்கலாம். கார்த்திக்கு எல்லாமே என்ஹான்ஸ்மென்ட்தான்.

ஒரு ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர்ல, ஒருத்தர் மருந்துச் சீட்டுல இன்னொருத்தர் பேர் வருதுன்னு நேத்து ஜெபராஜ் பக் போட்டான். கார்த்தி சத்தமில்லாம அதை என்ஹான்ஸ்மென்ட்னு மாத்திட்டான்.

காலையில ஆஸ்பத்திரியிலேர்ந்து போன். ஊசி போடப் போன நர்ஸ் பேர் மாறியிருக்கறதைக் கடைசி நேரத்துல கவனிச்சதால ஒரு உயிர் தப்பிச்சுது.

"அந்தாளு செத்திருந்தா அதுவும் என்ஹான்ஸ்மென்ட்டாடா?"ன்னு கத்திக்கிட்டே ஜெபராஜ் மறுபடி ஓங்கினான். நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். என் முழங்கை கிழிஞ்சதுதான் மிச்சம்.

கிளினிக்ல டாக்டர் பார்த்துட்டு, "எலும்பு உடைஞ்சிருக்கே, எப்படி ஆச்சு?"ன்னார்.

மூக்குல பஞ்சோட கார்த்தி சொன்னான்: "உடையல டாக்டர். கொஞ்சம் ஷேப் மாறியிருக்கு, அவ்ளோதான்."

ஜெபராஜ் அடிச்சது தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா நான் குறுக்கே போய்த் தடுத்தேன் பாருங்க, அது சுத்தமான பக்.

இல்லைன்னு யாராவது சொல்லுங்க பார்ப்போம்.