சூசையப்பருக்கு எட்டங்குல அறை

நான்காவது செங்கல்லின் மேல் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் வந்து நிற்க ஜம்புநாதனின் கைகள் காத்திருந்தன. நிற்கவில்லை. செங்கல்லைத் தூக்கி, அடியில் ஒரு சிட்டிகை மணல் தூவி, மறுபடி வைத்தன. குழி எட்டங்குலச் சதுரம். அதில் குடியேற வேண்டியவரின் உயரம் நான்கங்குலம்.

சுகர் லேண்ட் ஊரில் ஜம்புநாதனைத் தெரிந்தவர்கள் இதற்கு ஆச்சரியப்பட மாட்டார்கள். எண்ணெய்க் கம்பெனிக்குக் குழாய் வரைபடம் போடுகிறவர். தச்சும் கொத்தும் லைப்ரரிப் புத்தகம் பார்த்துக் கற்றது. நண்பர்கள் வீட்டில் அவர் கட்டில் பூட்டினால் ஒரு திருகாணி மிஞ்சாது. ஒருமுறை மிஞ்சியபோது, படுத்திருந்தவரை எழுப்பிக் கட்டிலைப் பிரித்தார்.

2008 மார்ச்சில் அவருக்கு ஜெர்சி சிட்டியில் வேலை கிடைத்தது. ஜூனில் சேர வேண்டும். அதற்குள் வீடு விற்காவிட்டால் அவர் அங்கே, மனைவி வசந்தாமணியும் ஒன்பது வயது மகள் யாமினியும் இங்கே. வீடு விற்றுத்தரும் ஏஜென்ட் லிண்டா ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்தாள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் புனிதர். தோட்டத்தில் தலைகீழாகப் புதைத்தால், அந்த அவஸ்தை தாங்காமல் அவரே வீட்டை விற்றுக் கொடுத்துவிட்டு வெளியே வருவாராம். பிறகு புது வீட்டில் அவருக்கு நல்ல இடம் தர வேண்டும். ஐரோப்பாவிலிருந்து வந்த தன் குடும்பத்தில் எல்லோரும் இப்படித்தான் விற்றார்கள் என்றாள்.

வசந்தாமணி பெட்டியைத் திறந்ததும் கத்தினாள்.

“ஏங்க, இவரு சூசையப்பருங்க! எங்க கான்வென்ட் வாசல்ல நின்னவரு. இவரைக் கும்பிட்டுத்தான் நான் மேத்ஸ் பாஸ் பண்ணேன். இவரைப் போய் தலைகீழா நடுவீங்களா?”

“இன்ஸ்ட்ரக்‌ஷன்ல அப்படித்தான் இருக்குது வசந்தா.”

“அதைக் கிழிச்சுப் போடுங்க.”

அதனால்தான் இந்த அறை. சூசையப்பர் நேராக நின்றார். ஓட்டு மூடியில் காற்றுக்கு இரண்டு துளைகள். வசந்தாமணி சந்தனப் பொட்டு வைத்தாள், மல்லிகை சூட்டினாள், தினமும் காலையில் ஒரு ஸ்பூன் பொங்கல் வைத்தாள். ஏழு வாரம் ஓடியது. வீடு பார்க்க ஒருவரும் வரவில்லை.

லிண்டா வந்து மூடியைத் திறந்தாள். சிரிப்பு அடங்காமல் புல்லில் உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு சௌகரியமாக இருக்கிறவர் எதற்கு வீட்டை விற்பார் என்று கேட்டுவிட்டுப் போனாள்.

“டிசைன் மிஸ்டேக்,” என்று ஜம்புநாதன் ஒப்புக்கொண்டார். “பொங்கலை கட் பண்ணிரலாமா?”

“பட்டினி போடுவீங்களா? பாவமுங்க.”

“ரூமைச் சின்னதாக்கட்டுமா?”

“அதுல நீங்க இருப்பீங்களா?”

அப்போது உள்ளே யாமினி வயலின் பிராக்டிஸ் ஆரம்பித்தாள். கற்க ஆரம்பித்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாமிக்கு முன்னால் சங்கீதம் வாசிப்பதைக் குற்றம் என்று யாரும் சொல்ல முடியாது.

மறுநாளிலிருந்து மாலை ஐந்து மணிக்கு மூடியைத் திறந்து வைத்துக் குழி ஓரத்தில் அரைமணி நேரக் கச்சேரி.

“அப்பா, ஹி லைக்ஸ் இட், ரைட்?”

“ரொம்ப, கண்ணு. இன்னும் சத்தமா வாசி.”

ஒன்பதாம் நாள், பின்வீட்டு டாக்டர் திருமூர்த்தியின் தலை வேலிக்கு மேலே தெரிந்தது. நைட் டியூட்டி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். கண் சிவந்திருந்தது.

“சார், பாப்பா டெய்லி வாசிக்குமா?”

“வீடு விக்கிற வரைக்கும் வாசிக்கும் டாக்டர்.”

“நடுவுல லீவு?”

“இல்லீங்க. இது அவருக்காக.” ஜம்புநாதன் குழியைக் காட்டினார்.

திருமூர்த்தி குழியைப் பார்த்தார். மல்லிகையைப் பார்த்தார்.

“என் மச்சான் நஞ்சப்பன் வீடு தேடிட்டிருக்காரு. இன்னைக்கே கூட்டிட்டு வர்றேன். அவரு வர்றப்ப மட்டும் வாசிக்க வேண்டாம்.”

மே கடைசியில் நஞ்சப்பன் சாவி வாங்க வந்தார். சூசையப்பர் பஞ்சு சுற்றி, தலை மேலே இருக்கும்படி, வசந்தாமணியின் கைப்பையில் ஏறியிருந்தார். நஞ்சப்பன் தோட்டத்தைச் சுற்றி வந்து மூடியைத் திறந்தார்.

“இதென்னங்க, வாட்டர் வால்வா?”

“சாமி குடியிருந்த ரூமுங்க. காலி பண்ணிட்டாரு.”

ஜம்புநாதன் மண்டியிட்டு உள்ளே ஒட்டியிருந்த ஒரு பொங்கல் பருக்கையைத் துடைத்தெடுத்தார். மூடியைப் பொருத்தி ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுவில் நின்றதை நஞ்சப்பனுக்குக் காட்டிவிட்டு எழுந்து, குழியின் அளவுகள் குறித்த வரைபடத்தையும் வீட்டுச் சாவியையும் அவர் கையில் கொடுத்தார்.