கடமலைக்குண்டு பஸ் நேரம்

பெரியப்பா மகள் என்னைவிட இரண்டே மாதம் மூத்தவள். அந்த இரண்டு மாதத்துக்காக அவளை நான் அக்கா என்று கூப்பிட வேண்டியிருந்தது. இருவரும் ஒரே வகுப்பு. அவர்கள் கடமலைக்குண்டில் தக்காளி போட்டிருந்தார்கள். நாங்கள் தேனி அல்லிநகரத்தில் இருந்தோம். அப்பாவுக்குப் பம்புசெட்டு உதிரிபாகக் கடை. ஒருமுறை கடையில் பிரிண்டர் ஓடாமல் நின்றபோது நான் வயரைப் பிடுங்கி மறுபடி சொருகினேன், ஓடிவிட்டது. அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை நான்தான்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கோடையில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்பில் அப்பா என்னைச் சேர்த்துவிட்டார். நாற்பது நாளில் வெப்சைட் செய்யச் சொல்லித் தருவார்கள் என்று போர்டு வைத்திருந்தார்கள். இந்தச் செய்தி எப்படியோ கடமலைக்குண்டு வரை போயிற்று. அடுத்த திங்கட்கிழமை பெரியப்பா ஒரு பையோடும் அரை மூட்டை நிலக்கடலையோடும் அக்காவைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் விட்டார். "இவளும் அதைக் கத்துக்கிடட்டும்த்தா. கூடமாட உனக்கும் ஒத்தாசையா இருப்பா" என்று அம்மாவிடம் சொன்னார்.

வகுப்பில் இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். எங்கள் இருவரையும் சேர்த்து உட்கார வைத்தார்கள். முதல் நாள் அக்கா மவுஸைக் கையில் எடுத்து, அம்புக்குறி மேலே போக வேண்டும் என்று அதை மேசையிலிருந்து அந்தரத்தில் தூக்கினாள். இதை நான் வீட்டுக்கு வந்து செய்து காட்டினேன். அம்மா சிரித்தார், அப்பா சிரித்தார், அக்காவும் சிரித்தாள். அந்த நாற்பது நாளில் நான் நிம்மதியாகச் சாப்பிட்டது அன்றைக்கு மட்டும்தான்.

சொல்லிக்கொடுத்த மிஸ் பண்ணைப்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். இஞ்சினியரிங் முடித்து ஓராண்டுகூட ஆகியிருக்காது. ஒரு பக்கத்துக்கு இரண்டு ஃபைல் என்று அவர் ஆரம்பித்தார். பக்கத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பது ஒரு ஃபைலில், அது எப்படித் தெரிய வேண்டும் என்பது இன்னொன்றில். முதல் ஃபைலில் என் பெயரைத் தலைப்பாக அடித்து, சேமித்து, திறந்து பார்த்தேன். திரையில் என் பெயர் பெரிதாக வந்து நின்றது. அதன் பிறகு மிஸ் சொன்ன எதுவும் எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. பின்னணிக்கு மஞ்சள், எழுத்துக்குச் சிவப்பு, என் பெயர் வலமிருந்து இடமாக ஓட வேண்டும், இவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அப்படி ஓடவிடுவதெல்லாம் பழசு, இப்போது யாரும் செய்வதில்லை என்று மிஸ் சொன்னார். நான் ஓடவிட்டேன்.

அக்காவுக்குக் கீபோர்டை நான் கொடுக்கவில்லை. கேட்டால், "இரு, இதை முடிச்சிட்டுத் தாரேன்" என்பேன். அது முடியவே முடியாது. அவள் கேட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு நீள நோட்டை எடுத்து வைத்துக்கொண்டாள். மிஸ் போர்டில் எழுதுவதையும் நான் திரையில் அடிப்பதையும் வரி வரியாக எழுதினாள். தொட முடியாத குறைக்கு ஒவ்வொரு வரியையும் படித்தாள். நாலைந்து நாளில், என் பக்கம் கோணிக்கொண்டு நிற்கும்போதெல்லாம் அவள் விரல் திரைக்கு வந்துவிடும். "இங்கன தொறந்ததை மூடாம விட்டுட்ட பாப்பா, பாரு." ஒவ்வொரு தடவையும் அவள் சொன்னது சரியாகவே இருந்தது. எனக்குச் சொல்லிக்கொடுக்க அவளை நானே தயார் செய்துகொண்டிருந்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

இரண்டாவது வாரம் பெட்டிப் பாடம் வந்தது. பக்கத்தில் இருக்கிற ஒவ்வொன்றும் ஒரு பெட்டி, அந்தப் பெட்டிக்கு உள்ளே விடுகிற இடம் வேறு, வெளியே விடுகிற இடம் வேறு என்று மிஸ் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். வகுப்பே முழித்தது. அக்கா மெதுவாக, "தக்காளிப் பெட்டி மாதிரியா மிஸ்?" என்றாள். மிஸ் அவளை எழுந்து நின்று சொல்லச் சொன்னார். அவளுக்குக் கூச்சம், என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

"பழம் நசுங்காம இருக்க உள்ளுக்க வைக்கோல் வைப்போம்ல மிஸ், அது உள்ள விடுற இடம். லாரில அடுக்கையில காத்துப் போறதுக்கு ஒரு பெட்டிக்கும் இன்னொரு பெட்டிக்கும் நடுவுல சந்து விடுவோம். அது வெளிய விடுற இடம்."

எல்லோருக்கும் புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்துவிட்டது, அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது. வீட்டுக்குப் போகப் படியில் இறங்கும்போது, மதிய வகுப்புப் பிள்ளைகளுக்கும் மிஸ் அதே தக்காளிப் பெட்டியைச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. எனக்கு வயிறு எரிந்தது. பசியினால் என்று நினைத்து அம்மா மோர் கொடுத்தார்.

வீட்டிலும் காற்று மாறிவிட்டது. அவள் எழுந்ததும் பாயைச் சுருட்டி வைப்பாள், குழாயில் தண்ணீர் வந்தால் யாரும் சொல்லாமலே குடத்தைத் தூக்குவாள். அம்மா என்னைப் பார்த்து, "அவளும் உன் வயசுப் பிள்ளதான்" என்று ஆரம்பித்து, அதோடு நிறுத்திக்கொள்வார். மீதியை நானே நிரப்பிக்கொள்ள வேண்டும். ஒருநாள் கடையில் பிரிண்டர் மறுபடி நின்றுவிட்டது. அப்பா போன் செய்து, "அக்காவைக் கொஞ்சம் வரச் சொல்லுத்தா" என்று என்னிடமே சொன்னார். அன்று மாலை நான் அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனித்தாளா என்றுகூடத் தெரியவில்லை.

கடைசி வாரம் ஆளுக்கொரு பக்கம் செய்ய வேண்டும் என்றார்கள். பெற்றோரைக் கூட்டி, சுவரில் பெரிதாகக் காட்டுவார்களாம். நன்றாகச் செய்கிற ஒரு பிள்ளைக்கு அடுத்த கட்ட வகுப்பில் கட்டணமில்லாமல் இடம். பொத்தானை அழுத்தினால் பக்கம் பதில் சொல்கிற வித்தை அங்கேதான் என்று மிஸ் சொன்னார். அதைக் கேட்டபோது அக்காவின் முகத்தைப் பார்த்தேன். பலகாரக் கடையைப் பார்க்கிற குழந்தையின் முகம்போல இருந்தது. அந்த இடம் எனக்கு வேண்டுமா என்று அதுவரை நான் யோசித்திருக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் வேண்டும் என்று தோன்றிவிட்டது.

நான் என்னைப் பற்றியே பக்கம் செய்தேன். எனக்குப் பிடித்த நிறம், பிடித்த பூ, பிடித்த சாப்பாடு, சுருளி அருவி முன்னால் நான் நிற்கிற படம். அக்கா மூன்று சாயங்காலம் அப்பாவோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போய், கண்டக்டர்களிடமும் டைம் கீப்பரிடமும் கேட்டுக் கேட்டு, தேனியிலிருந்து கடமலைக்குண்டுக்கும் வருசநாட்டுக்கும் போகிற பஸ் நேரங்களை எழுதி வந்தாள். ஆஸ்பத்திரிக்கு வருகிற தங்கள் ஊர்ப் பெண்கள் எந்த வண்டி எதுவரை போகும் என்று தெரியாமல் மணிக்கணக்காக நிற்பார்களாம். ஒரு பஸ்ஸுக்கு ஒரு பெட்டி. கடமலைக்குண்டோடு நிற்கிற வண்டி பச்சை, வருசநாடு வரை போவது நீலம், கடைசி வண்டி சிவப்பு. மிஸ் அவளைக் காலையில் சீக்கிரம் வரச் சொல்லித் தன் கம்ப்யூட்டரில் அடிக்க விட்டார். பிறகு அந்தப் பக்கத்தை எங்கள் கம்ப்யூட்டருக்கு மாற்றினார்கள். ஃபைல் வரிசையில் மேலே என் பக்கம், அதற்குக் கீழே அவள் பக்கம்.

காட்டுகிற நாள் மத்தியானம், சாப்பாட்டு இடைவேளையில், பெரியப்பா வருகிற பஸ்ஸைப் பார்க்க அக்கா கீழே போனாள். அறையில் யாருமில்லை. நான் அவள் முதல் ஃபைலைத் திறந்தேன். மேல்பக்கத்தில் ஒரு வரி இருக்கும். நிறமும் பெட்டியும் இருக்கிற இரண்டாவது ஃபைலைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வரி. அந்தப் பெயரில் கடைசி எழுத்தை அழித்தேன். சேமித்தேன். மூடினேன். பெயர் தப்பானால் அந்த ஃபைல் வராது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். திருப்பிப் போட நேரம் இருந்தது. போடவில்லை.

மூன்று மணிக்கு எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். என் பெயர் சுவரில் வலமிருந்து இடமாக ஓடியபோது அம்மாக்கள் எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்தது அக்கா. சுவரில் வெறும் வெள்ளை வந்தது. அதில் கறுப்பு எழுத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக நேரங்கள், மளிகைச் சிட்டை மாதிரி. பெட்டி இல்லை, பச்சை இல்லை, நீலம் இல்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அக்கா முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு கேட்டும் நிறுத்தவில்லை. பாதியில் ஓர் அம்மா எழுந்து, "ஏத்தா, நாலே கால் வண்டி வருசநாடு போகுமா?" என்று கேட்டார். அக்கா போகும் என்றாள். அவர் கையிலிருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அப்போதே கிளம்பிவிட்டார். அன்று நாங்கள் காட்டிய பக்கங்களில் ஒருவருக்காவது பயன்பட்டது அது ஒன்றுதான்.

ஆனால் முன்வரிசையில் இருந்த, வகுப்பை நடத்துகிற சென்டர்காரருக்கு அவசரம். சரியாகத் திறந்த பக்கங்களில் எது பளிச்சென்று இருந்ததோ அதற்கு இடத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். அது எனக்குக் கிடைத்தது.

கூட்டம் கலைந்த பிறகு மிஸ் அக்காவை உட்கார வைத்து ஃபைலைத் திறக்கச் சொன்னார். அவள் கண் நேராக அந்த வரிக்குப் போயிற்று. ஒரு கணம் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு அந்த எழுத்தை அடித்தாள். பச்சையும் நீலமும் சிவப்பும் வந்து நின்றன. பார்க்கத்தான் ஆளில்லை.

"காலையில நல்லாத்தானே இருந்துச்சு, யாரு தொட்டா?" என்றார் மிஸ்.

"நான்தான் மிஸ். கை பட்டு அழிஞ்சிருக்கும்."

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் அவள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது போய், ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "என்னத்தச் சொன்னேன்? குடத்தைப் பிடி, தண்ணி நின்டுரும்" என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. பெருந்தன்மையிலும் என்னை முந்திவிட்டாள் என்று தோன்றியது. அவள் சண்டை போட்டிருந்தால், காட்டிக்கொடுத்திருந்தால், நானும் நாலு வார்த்தை திட்டி அழுது தீர்த்திருப்பேன். அதற்கும் அவள் வழிவிடவில்லை.

உள்ளே பெரியப்பாவும் அப்பாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். பிளஸ் ஒன்னும் பிளஸ் டூவும் அவள் எங்கள் வீட்டில் தங்கித் தேனியிலேயே படிக்கட்டும் என்று பெரியப்பா கேட்டார். அன்றைக்கு அதைக் கேட்கத்தான் அவர் வருகிறார் என்று அக்காவுக்கு முன்னமே தெரியுமாம். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா, "நம்ம பிள்ளதானே, இருக்கட்டும்" என்றார். இரண்டு வருடம் இருந்தாள். அந்த இரண்டு வருடத்திலும் ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டாள், சண்டையில் எப்போதும் அவளே முதலில் பேசினாள். காமர்ஸ் எடுத்துப் படித்து இப்போது ஆண்டிபட்டியில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அந்த இலவச இடத்துக்குப் போனவள் நான். வெப்சைட் செய்துதான் இன்றைக்கும் என் பிழைப்பு நடக்கிறது. நல்லது கெட்டதில் பார்த்தால், "இவதான் எங்க வீட்டு கம்ப்யூட்டர்" என்று மற்றவர்களிடம் அவளே சொல்லுவாள்.

வேலை கற்றுக்கொள்ளக் கோயம்புத்தூர் போனபோது சொந்தக்காரர் ஒருவர் வீட்டில் எட்டு மாதம் தங்கினேன். ஒருநாள் அந்த வீட்டுப் பெண் என் லேப்டாப்பில் காப்பியைக் கொட்டிவிட்டாள். அவள் அம்மா ஓடி வந்து என்ன ஆச்சு என்று கேட்டதும், யோசிப்பதற்கு முன்பே என் வாயில் வந்தது, "நான்தான் அத்தை, கவனிக்காம இங்க வச்சுட்டேன்."

அக்கா அன்று என்னைத் திரும்பிப் பார்த்தாளே, அந்தப் பார்வையில் பொறுமை இருந்ததாக நான் வெகுநாள் நினைத்திருந்தேன். இருந்தது கோபம். மற்ற பிள்ளைகளுக்கு வருகிற அதே கோபம். இன்னும் இரண்டு வருடம் எங்கள் வீட்டில் சாப்பிட வேண்டியவள் அதைக் காட்ட முடியாது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. என்னைவிட இரண்டே மாதம் மூத்தவள்தான், எனக்கு அது தெரியவில்லை.