பத்தடித் தண்ணீர்

“...பத்தடி எண்டு விதானையார் சொன்னதிலை பிழை இல்லை. எங்கையிருந்து எண்ணினனீர் எண்டதுதான் பிழை.”

இதைச் சொன்னவன் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். ஒரு வருஷம் பக்கத்துப் பக்கத்து வாங்கில் இருந்தும், அதுவரை “ஓம்”, “இல்லை”, “நேரம் என்ன?” என்பதற்கு மேல் எங்களுக்குள் கதை இருந்ததில்லை.

அறுபதுகளின் தொடக்கம். இஞ்சினியர் படிப்பின் முதல் வருஷத்தை வவுனியாவிலேயே படிக்கலாம், தேறினால் இரண்டாம் வருஷம் கொழும்புக்கு மாற்றுவார்கள் என்று ஓர் ஏற்பாடு. கல்லூரி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஓடு போட்ட ஒரு மண்டபம், கொஞ்ச வாங்குகள், ஒரே ஒரு வாத்தியார். பாடமெல்லாம் ஆங்கிலம். முள்ளியவளையில் என் ஐயா தபால் கந்தோரில் பியோன். அவர் கொண்டுவரும் பழைய பத்திரிகைகளை வைத்து நானாகவே ஆங்கிலம் படித்தவன் நான். வாசித்தால் விளங்கும், பேசினால் சிரிப்பார்கள். ஆகவே வகுப்பில் வாயைத் திறப்பதில்லை. பிறவியிலேயே வாய் ஓயாதவனுக்கு இது எப்படிப்பட்ட தண்டனை என்று யோசித்துப் பாருங்கள்.

அறை ஒரு முஸ்லிம் நானாவின் கடைக்குப் பின்னால். அவர் ஒருநாள், “தம்பி, உங்கட அறையில ஆள் இருக்கா இல்லையா எண்டு லாம்பு வெளிச்சத்தை வச்சுத்தான் கண்டுபிடிக்க வேண்டிக் கிடக்கு” என்றார். சிரித்தேன். அவர் சாமான் நிறுக்கப் போய்விட்டார். அன்றைக்கு என்னோடு பேசியவர் அவர் ஒருவர்தான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மற்றப் பெடியன்கள் எல்லாரும் ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். எனக்கு மாதம் ஒருதரம்தான் கட்டுப்படியாகும். மற்ற வாரங்களில் எங்கும் போகாமலே பஸ் நிலையத்துக்குப் போய் நிற்பேன், சனங்கள் பேசுவதைக் கேட்க. ஒரு மனுசி கொண்டக்டரிடம், “என்ரை மூட்டையை ஏத்தினால் காணும் தம்பி, நான் பின்னாலை நடந்தெண்டாலும் வருவன்” என்றா. அதைச் சொல்லிச் சிரிக்க ஆள் இல்லாமல் அறைக்கு வந்து கொப்பியில் எழுதிவைத்தேன். அந்தக் கொப்பியின் முன்பக்கம் கணக்கு, பின்பக்கம் முழுக்க இப்படியான கதைகள்தான்.

வருஷ முடிவில், சோதனையோடு ஒரு வரைபடமும் கொடுக்க வேண்டும். உண்மையில் இருக்கிற ஒரு கட்டுமானத்தை நாமே அளந்து கீற வேண்டும். இந்த முறை கொழும்பில் ஒரே ஓர் இடம்தான் என்று வாத்தியார் சொல்லிவிட்டார். கணக்குச் சோதனை முடிந்தபோது அந்த இடத்துக்கு நம்பிக்கை மிஞ்சியிருந்தது இரண்டு பேருக்கு. ஒன்று நான். மற்றது, நான் சொன்ன அவன். பூவரசங்குளத்தில் வயல் செய்கிற கமக்காரர் வீட்டுப் பிள்ளை. அவன் ஒரு பாலத்தைக் கீறிக் கொடுத்துவிட்டான்.

நான் அவனுடைய ஊர்ப் பக்கத்தில் ஒரு சின்னக் குளத்தைத் தெரிந்தெடுத்தேன். குளக்கட்டும் துருசும், அதாவது வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மதகு. இரவல் சைக்கிளில் போனேன். கோடை, குளம் காய்ந்து கிடந்தது. தண்ணீர் திறந்துவிடும் விதானையார் நல்ல கதைகாரர். ஒரு நாளில் முடிகிற அளவை நான் இரண்டு நாளாக இழுத்தேன்; கதைக்க ஓர் ஆள் கிடைத்த சந்தோஷம். நிரம்பினால் குளத்தில் பத்தடித் தண்ணீர் நிற்கும் என்று அவர் சொன்னார். நான் குளத்தின் ஆழமான அடியிலிருந்து பத்தடி அளந்து நீர்மட்டக் கோட்டைக் கறுப்பு மையில் கீறினேன். துருசால் எவ்வளவு தண்ணீர் பாயும் என்ற கணக்கையும் அதை வைத்தே போட்டேன்.

திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். வெள்ளி பின்னேரம் வெறும் மண்டபத்தில் நான் தனியே படத்தை நிலத்தில் விரித்து அதன் எழுத்து வேலையை முடித்துக்கொண்டிருந்தபோது, மறந்துவிட்டுப்போன குடையை எடுக்க அவன் திரும்பி வந்தான். வந்தவன் குனிந்து என் படத்தின் நீர்மட்டக் கோட்டில் விரலை வைத்தான். “பத்தடி எண்டு விதானையார்தான் சொன்னவர்” என்றேன். அதற்குத்தான், நான் தொடக்கத்தில் எழுதிய அந்தப் பதிலைச் சொன்னான்.

அந்தப் பக்கத்தில் குளத்துத் தண்ணீரைத் துருசு வாசலின் அடியிலிருந்துதான் எண்ணுவார்கள். அதற்குக் கீழே நிற்பது வயலுக்கு ஏறாது. மாடு குடிக்கும், மீன் கிடக்கும், யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. என் படத்தில் அது மூன்றடி. வயலுக்குப் போக வேண்டிய தண்ணீரில் மூன்றடியை நான் கடதாசியில் குடித்துவிட்டேன். விதானையார் மறைக்கவில்லை. வயல் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இது தெரியாது என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

அவன் சொல்லாமல் குடையை எடுத்துக்கொண்டு போயிருந்தால் அந்த ஓர் இடம் அவனுக்குத்தான்.

“இதை ஏன் எனக்குச் சொல்லுறீர்?” என்று கேட்டேன்.

“கொழும்பிலை ஆரும் பாத்துச் சிரிச்சால் உம்மைப் பாத்தே சிரிக்கப்போறாங்கள்? எங்கட குளத்தைப் பாத்தெல்லோ சிரிப்பாங்கள்.”

தடித்த கடதாசியில் காய்ந்த மையை றப்பரால் அழிக்க முடியாது, சுரண்டத்தான் வேண்டும். ஊர்ப் பஸ்ஸுக்கு இன்னும் கால் மணித்தியாலம்கூட இருக்கவில்லை. அவன் குடையை வாங்கில் வைத்தான். பென்சில் சீவுகிற பிளேட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, கடதாசியில் சுற்றி இரண்டாக முறித்து, ஒரு பாதியை என் கையில் தந்துவிட்டு, படத்தின் மறுபக்கம் போய்க் குந்திக்கொண்டு, நீர்மட்டக் கோட்டின் அந்த முனையிலிருந்து சுரண்டத் தொடங்கினான்.