வானதிக்குப் பிடித்த வாசனை

எங்கள் வீட்டுப் பெண்களை வாசனையை வைத்துப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. மாமியார், நாத்தனார் செவ்வந்தி, நான், என் ஓர்ப்படி வானதி, எல்லார் மேலும் ஒரே சென்ட்தான் வீசும். வானதியின் புருஷன் பரணிதரன் என் கொழுந்தன், ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக். வருஷத்துக்கு ஒரு மாசம் லீவில் வருவார். வரும்போது விமான நிலையக் கடையில், மூன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று எழுதி வைத்திருக்கும் நீலப் பாட்டிலை வாங்கி வருவார். பாட்டிலில் ஏதோ பாரிஸ் துணிக் கம்பெனியின் பெயர் இருக்கும். துணி தைக்கிறவனுக்குச் சென்ட்டில் என்ன வேலை என்று ஒருமுறை கேட்டேன். "அண்ணி, இது டிசைனர் பெர்ஃப்யூம். உலகமே இதைத்தான் அடிக்குது" என்றார். உலகம் அடித்துவிட்டுப் போகட்டும், ஒரே அடுப்படியில் நிற்கிறவர்கள் எல்லாரும் அடிக்க வேண்டுமா?

அதற்கும் ஒரு காரணம் உண்டு. திருப்பனந்தாள் பக்கம் எங்கள் ஊரில் வெளிநாட்டுப் பெட்டியை இஷ்டத்துக்குத் திறந்துவிட முடியாது. கூடத்தில் வைத்து, சொந்தமெல்லாம் சுற்றி உட்கார்ந்த பிறகுதான் பூட்டைத் தொட வேண்டும். ஒருத்திக்குக் கூட, ஒருத்திக்குக் குறைய என்று பேச்சு வரக் கூடாது. அதனால் எல்லாருக்கும் ஒரே சாமான். பெண்டாட்டிக்கென்று தனியாக ஒரு பொருள் பெட்டியில் வந்தால் அன்றைக்கே வீடு இரண்டாகிவிடும் என்பது அத்தையின் கட்சி. வானதி கடைசியாக வந்து, மிஞ்சியிருக்கும் பாட்டிலை எடுத்துக்கொள்வாள். எது கொடுத்தாலும் சரி என்று வாங்கிக்கொள்கிற பெண். அதை நாங்கள் எல்லாரும் அவளுடைய நல்ல குணம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

போன வருஷம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். ஜன்னலே இல்லாத ஏ.சி. மண்டபம். தாலி கட்டி முடிந்து எல்லாரும் அட்சதை போட எழுந்த நேரம் கரண்ட் போனது. கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒரே இருட்டு. அப்போது என் கையை ஒருவர் பிடித்தார். காதருகே, "வா, பந்திக்குக் கூட்டம் சேர்றதுக்குள்ள நாம ரெண்டு பேரும் மட்டும் போயி ஒரு காப்பி குடிச்சுட்டு வந்துடலாம்" என்று குழைகிற குரல். என்னைக் கட்டியவர் இத்தனை வருஷத்தில் என்னிடம் இப்படிக் குழைந்ததில்லை, அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நாலு பக்கமும் செல்போன் விளக்கை அடித்தார்கள். பார்த்தால் என் கொழுந்தன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணி... அதே சென்ட் வாசனை வந்துச்சு... நான் வானதின்னு நெனச்சு..."

மண்டபமே சிரித்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். "பரணி, இனிமே பாட்டில்ல பேரெழுதி ஒட்டுடா" என்று எங்கள் வீட்டுக்காரர் ரெங்கசாமி சத்தம் போட்டார். வானதி மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு அடுத்த நாற்காலியில்தான் இருந்தாள், கையெட்டும் தூரத்தில்.

வீட்டுக்கு வந்ததும் அந்த நீலப் பாட்டிலைத் தூக்கி பீரோவுக்கு மேலே போட்டாள். கொழுந்தன் சமாதானம் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. லீவு முடிந்து அவர் கிளம்பிய அன்று திருச்சி ஏர்போர்ட்டுக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கார் தெருவைத் தாண்டிய பிறகு என்னிடம் வந்து நின்றாள்.

"அக்கா, கல்யாணமாகி ஏழு வருஷம். கூட இருந்த நாளையெல்லாம் கூட்டினா ஏழு மாசம் வரும். இந்த ஏழு மாசத்துல அவருக்கு என்கிட்ட தெரிஞ்சது அவரு வாங்கிக் குடுத்த சென்ட் மட்டுந்தானா?"

எனக்குச் சுருக்கென்றது. அதன் பிறகு அவர் போன் செய்தால் மகள் நிலாவிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்கு வந்துவிடுவாள். இரண்டு மாசம் இப்படியே ஓடியது. இவர்கள் புருஷன் பெண்டாட்டியாக இருப்பார்களா, இல்லை போனில் குழந்தையை விசாரிக்கிற இரண்டு பேராக ஆகிவிடுவார்களா என்று எனக்கு உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும். ஒருநாள் போனை நான் பிடுங்கிக்கொண்டேன்.

"தம்பி, நீங்க ஆள் அடையாளம் கண்டுபிடிச்ச லட்சணத்தை நான் இன்னும் மறக்கல. ஒண்ணு கேக்கறேன். அவளுக்கு என்ன பிடிக்கும்னு இந்த ஏழு வருஷத்துல ஒரு தடவையாவது கேட்டிருக்கீங்களா?"



அவருடைய ரூமில் ஆஸிம் என்று ஒரு பையன், அதிராம்பட்டினத்துக்காரன். அங்கே ஒரு வாசனைத் திரவியக் கடையில் வேலை பார்க்கிறான். கொழுந்தன் அவனிடம் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். அவன் ஒரு மணி நேரம் பாடம் எடுத்தானாம். பெரிய கம்பெனிக்காரன் ஊரில் ஒருத்தருக்கும் பிடிக்காமல் போய்விடக் கூடாது என்று செய்வான், அதுதான் எல்லார் மேலும் வீசுகிறது. சின்னக் கம்பெனிக்காரன் நூறு பேரில் நாலு பேருக்குப் பிடித்தால் போதும் என்று செய்வான். புகை, தோல், கடற்பாசி, பழைய மரப்பெட்டி என்று எதை வேண்டுமானாலும் குப்பியில் அடைப்பான். அதற்கு நிஷ் என்று பெயராம். நான் முதலில் பேரைக் கேட்டுவிட்டு ஏதோ கொசு மருந்து என்று நினைத்தேன்.

அங்கேயிருந்து ஊருக்கு வந்த எங்கள் சொந்தக்காரர் அண்ணாதுரை மாமாவிடம் கொழுந்தன் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினார். பிரித்தால், சுண்டுவிரல் அளவில் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள். வானதி குளித்துவிட்டு வருவதற்குள் அத்தை அதில் ஒன்றைத் திறந்து முழங்காலில் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டிலிருந்து சின்னக் குப்பியில் வந்தால் எங்கள் ஊரில் அது தைலம்தான், வேறென்ன?

"அத்தை, அது சென்ட்."

"சென்ட்டா? இந்தப் புகை நாத்தமா? போடி, எனக்கு வலி பாதி குறைஞ்சிருக்கு."

இன்றைக்கும் அந்த முழங்கால் குணமானது பையன் அனுப்பிய தைலத்தால்தான் என்று சாதிக்கிறார். ஒரு வாரம் அவர் நடந்தால் சந்தைக்கு வந்த தோல் வியாபாரி நடப்பது மாதிரி இருந்தது.

மீதிக் குப்பிகளை வானதி முகர்ந்து பார்த்தாள். ஒன்றில் மல்லிகை. ஒன்றில் மழை விழுந்த மண். ஒன்றில் காய்ந்த வைக்கோல். சாயங்காலம் வீடியோவில் வந்த கொழுந்தனின் முகத்தில் அவ்வளவு ஆசை. "எப்படி இருக்கு? நம்ம ஊரு வாசனை எல்லாம் தேடித் தேடி எடுத்தேன்."

ரொம்ப நாள் கழித்து அவள் அவரிடம் நேராகப் பேசினாள். "கோவிச்சுக்காதீங்க. மல்லிகை எனக்குத் தலைவலி. கல்யாணத்தன்னிக்கு வெச்சு விட்டாங்களேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். மண் வாசனை, வைக்கோல் வாசனையெல்லாம் இங்க துவைக்கிற துணியில தெனமும் வருது. நீங்கதான் அதுக்கு ஏங்கறீங்க. இது உங்களுக்குப் பிடிச்சதுங்க."

அவர் யோசித்தார். பிறகு தலையை ஆட்டிச் சிரித்தார். "ஆமா. எல்லாம் எனக்குப் பிடிச்சதாதான் எடுத்திருக்கேன். சரி, உனக்கு என்ன பிடிக்கும்?"

"தெரியலைங்க" என்றாள் வானதி. "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என்னிடம் யாராவது கேட்டிருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் பார்த்ததையெல்லாம் முகர ஆரம்பித்தோம். புதுக் குடை, எலுமிச்சை இலை, மருந்துக்கடை வாசல், கும்பகோணத்துக் காப்பிப்பொடி, பஸ் சீட்டு, தீக்குச்சி அணைந்த புகை. "இது?" என்பேன். "இல்லக்கா" என்பாள். "இவளுங்களுக்கு மூக்குல என்னமோ ஆயிடுச்சு" என்று அத்தை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் தினமும் இல்லை, இல்லை என்று சொல்லச் சொல்ல எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேண்டாம் என்ற சொல்லை அவள் வாயில் அதற்கு முன் நான் கேட்டதே கிடையாது.

ஐப்பசியில் பயிர்க் காப்பீட்டுக்குச் சிட்டா, அடங்கல் நகல் எடுக்க அவளைக் கூட்டிக்கொண்டு கும்பகோணம் போனேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடை. மெஷினிலிருந்து வந்த தாளைக் கடைக்காரர் அவள் கையில் கொடுத்தார். வாங்கியவள் அப்படியே மூக்கருகே கொண்டுபோய் கண்ணை மூடிக்கொண்டாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவள் அசையவில்லை.

"அக்கா, இது" என்றாள். "சூடான தாள். இதுதான்க்கா."

திரும்பி வருகிற பஸ்ஸில் எல்லாம் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் மயிலாடுதுறையில் கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இரண்டு வருஷம் வேலை பார்த்திருக்கிறாள். பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் டைப் அடித்து, பைண்டிங் போட்டுக் கொடுப்பாளாம். மெஷினில் தாள் சிக்கினால் தானே கழற்றி எடுத்துவிடுவாளாம். ஓனர் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போவாராம். எங்கள் வீட்டுச் சம்பந்தம் வந்தது. வேலைக்கெல்லாம் போக வேண்டியதில்லை என்று பேசி முடித்தார்கள். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வாரமே சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அவள் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

கொழுந்தனிடம் சொன்னாள், காகித வாசனை என்று. மனுஷர் ஷார்ஜாவையே சல்லடை போட்டுச் சலித்துவிட்டார். ஆஸிம் எங்கெங்கோ விசாரித்து, தாளும் மையும் மணக்கிற ஒரு குப்பியைப் பிடித்துவிட்டான். கொழுந்தன் வீடியோவில் அதைத் தூக்கிக் காட்டினார். "கிடைச்சிருச்சு வானதி. நீ சொன்ன மாதிரியே இருக்கு. எல்லாருக்கும் இல்ல, உனக்கு மட்டும்."

அவள் முகம் மலர்ந்தது. எனக்கோ அப்பாடா என்றிருந்தது, விஷயம் முடிந்தது என்று ஆய்ந்துகொண்டிருந்த கீரையை அள்ளிக்கொண்டு எழுந்தேன். அவள் முடிக்கவில்லை.

"ரொம்ப சந்தோஷங்க. இவ்வளவு தேடியிருக்கீங்க. ஆனா எனக்கு அது குப்பியில மட்டும் போதாதுங்க. நான் வேலைக்குப் போகணும். நம்ம திருப்பனந்தாள் கடைத்தெருவுல ஜெராக்ஸ் கடைக்கு ஆள் கேக்கறாங்க. விசாரிச்சுட்டேன்."

முதுகுக்குப் பின்னால் அம்மா நிற்பது போலக் கொழுந்தன் திரும்பிப் பார்த்தார். "அம்மா என்ன சொல்லுவாங்களோ..."

"என்ன பிடிக்கும்னு கேட்டது நீங்க. நான் சொல்லிட்டேன்" என்றாள். போனை வைத்த பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்கிட்ட கேட்டிருக்கவே வேணாம்னு நெனச்சிருப்பாராக்கா?" என்றாள்.

இரண்டு நாள் போன் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தது, ஆனால் அத்தைக்கு. அத்தை வாசலில் நின்று பேசினார். நாங்கள் இரண்டு பேரும் அடுப்படியில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். அத்தை உள்ளே வந்து வானதியை மேலும் கீழும் பார்த்தார்.

"அவன் என்கிட்ட அனுமதி கேக்கல. சொல்றான். அவ போகட்டும்மா, எனக்கும் அதான் இஷ்டங்கறான். எம்புள்ள இப்படிப் பேசி நான் கேட்டதில்ல." பிறகு, "நிலாவை யாரு ஸ்கூல் வேன்ல ஏத்திவிடறது?" என்றார்.

"நான் ஏத்திவிடறேன்" என்றேன். அவர் மனசு மாறுவதற்குள் சொல்லிவிட வேண்டுமே.

தை பிறந்ததும் வானதி வேலைக்குப் போக ஆரம்பித்தாள். சம்பா அறுவடை நேரம், வீட்டில் வேலை தலைக்கு மேல். முதல் மாசம் நான் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே சமைத்தேன், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சாயங்காலம் அவள் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது பேசிக்கொண்டே வருவாள். அன்றைக்கு வந்தவர்கள், மெஷின் பண்ணிய அட்டகாசம், கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரையே விட்டுவிட்ட மாமனார். இவளுக்கு இவ்வளவு பேச்சு வருமா என்று நான் கரண்டியும் கையுமாக நின்று கேட்பேன்.

இந்த ஆனியில் கொழுந்தன் லீவில் வந்தார். வீட்டில் கூடம் நிறையச் சொந்தக்காரர்கள் காத்திருந்தார்கள். கார் வருகிற நேரம் தாண்டியும் ஆளைக் காணவில்லை. என் போன் அடித்தது. அவர்தான், குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"அண்ணி, கடைத்தெருவுல நிக்கறேன். எதிர்க் கடை நிழல்ல இருந்து பாத்துக்கிட்டிருக்கேன். கடையில ஒரே கூட்டம். ஒருத்தருக்குப் பதில் சொல்லிக்கிட்டே இன்னொருத்தர் தாளை அடுக்கறா. ஒரு பெரியவர் என்னமோ சொல்லுறாரு, வாய்விட்டுச் சிரிக்கறா." பிறகு சொன்னார், "அண்ணி, இவளை நான் இப்பத்தான் பாக்கறேன்."

"அப்ப எதிர்ப்பக்கம் ஏன் நிக்கறீங்க? உள்ளார போங்க" என்றேன்.

போயிருக்கிறார். அவள் நிமிர்ந்து பார்த்தாளாம். கையில் வேலை இருந்தது. "வந்துட்டீங்களா? அந்த ஸ்டூல்ல உக்காருங்க, இவங்களுக்கு முடிச்சுக் குடுத்துட்டு வந்துடறேன்" என்றாளாம். ஷார்ஜாவிலிருந்து வந்த மனுஷர், பெட்டிகளைக் காரிலேயே விட்டுவிட்டு, அவள் வேலை முடிகிற வரைக்கும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.