கடைசிக் காட்சிக்குப் பதில் ஒரு பொன்னாடை

என் அலுமாரியின் கீழ்த்தட்டு முழுக்கப் பொன்னாடைகள். அவற்றை உடுக்க முடியாது. போர்த்துக்கொண்டு ரொறன்ரோக் குளிரில் வெளியே போகவும் முடியாது. சரிகை கழுத்தை அறுக்கும். இந்த ஊரில் முப்பது வருஷத்துக்கு மேலாக மேடையேறியதற்கு எனக்கு மிஞ்சியது அந்தத் தட்டுத்தான்.

நடிப்பை எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. சென் ஜேம்ஸ் ரவுணில் நாங்கள் முதன்முதல் எடுத்த அப்பார்ட்மென்றில், முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. மத்தியானங்களில் அதில் அமெரிக்கக் கறுப்பு வெள்ளைத் தொடர்களைத் திரும்பப் போடுவார்கள். ஒரு தொடரில் பக்கத்து வீட்டுக்காரியாக ஒருத்தி வருவாள். ஒரு கோப்பை சீனி கேட்பாள், வாங்கிக்கொண்டு போய்விடுவாள். எனக்கு அப்போது இங்கிலிஷ் அரைகுறை. ஆனால் போகுமுன் வாசலில் ஒரு கணம் பேசாமல் நிற்பாள் பாருங்கள், அதைப் பார்ப்பதற்காகவே அடுப்பில் சோற்றை விட்டுவிட்டு ஓடிவருவேன்.

பல வருஷம் கழித்து, நூலகத்தில் ஒரு பழைய நாடகப் புத்தகத்தில் அவள் முகத்தைக் கண்டேன். நியூயோர்க் மேடைகளில் ராணியாகவும் கொலைகாரியாகவும் நடித்தவளாம். நாற்பதைத் தாண்டியதும் மேடை அவளைக் கூப்பிடவில்லை. தொலைக்காட்சி கூப்பிட்டது, சீனி கேட்பதற்கு. தள்ளாத வயதில் ஏதோ விழாவில் விருது கொடுத்திருக்கிறார்கள். அந்தப் படத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். அது சிரிப்பில்லை என்று எனக்குத் தெரியும். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

என்னை முப்பது வயதிலேயே தலைக்குப் பவுடர் போட்டு அம்மாவாக்கிவிட்டார்கள். பள்ளிக்கூட மண்டபங்களில் அழுதேன். பிறகு தமிழ்த் தொலைக்காட்சி வந்தது. யாரோ வீட்டு பேஸ்மென்றில் எடுத்த தொடர்களில் சோபாவில் இருந்து அழுதேன். மகன் குடித்தால் அழ வேண்டும், மருமகள் வெள்ளைக்காரி என்றால் அழ வேண்டும். வேறு பாத்திரம் தரச்சொல்லிக் கேட்டால், அம்மாவுக்கு உங்களை விட்டால் ஆர் இருக்கினம் என்பார்கள். அதை ஒரு பாராட்டு என்று வேறு நினைத்துக்கொள்வார்கள்.

இந்த வருஷம்தான், விட்பியில் வளர்ந்த ஒரு பிள்ளை தானே எழுதிய நாடகத்தோடு என்னைத் தேடி வந்தாள். அதில், ஸ்ரௌவ்வில் என்ற புறநகரில் ஒரு புது வீட்டில், மகன் குடும்பத்துக்குச் சமைத்துப்போட்டுக்கொண்டு ஒரு தாய் இருக்கிறாள். கடைசிக் காட்சியில் வீட்டுத் திறப்பை, தன்னிடம் இருக்கும் ஒரே சாவியை, மேசையில் வைத்துவிட்டுத் தனியாக இருக்க வெளிக்கிட்டுப் போகிறாள். "அன்ரி, ப்ளீஸ், இதிலை மட்டும் அழவேண்டாம்" என்றாள் அந்தப் பிள்ளை. எனக்கு அவளைத் தூக்கிவைத்துக் கொஞ்ச வேண்டும் போல இருந்தது. சனிக்கிழமைகளில் விட்பிக்கு ரயிலேறிப் போய் ஒத்திகை பார்த்தேன். திறப்பை வைக்குமுன் ஒரு கணம் நிற்க வேண்டும். சீனி கேட்க வந்தவள் எனக்குக் காட்டித்தந்த கணம் அது. வாழ்நாளில் ஒரு தடவையாவது அதைச் சனத்தின் முன்னால் செய்துகாட்ட ஆசைப்பட்டேன்.

நாடகம் போடும் விழா நாள் வந்தது. நோட்டீஸில் ஆறு மணி என்று போட்டால் ஏழரைக்கு விளக்கேற்றுவது எங்கள் ஆட்களின் வழக்கம். பிறகு போரில் இறந்தவர்களுக்கு அகவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை. விழாவுக்குக் காசு போட்டு அனுசரணை தந்த வீட்டு விற்பனை முகவர் நாடகக் கலை என்றால் என்ன என்று எங்களுக்கு விளங்கப்படுத்தினார். நான் கையில் திறப்போடு திரைக்குப் பின்னால் வியர்த்துக்கொண்டு நின்றேன். நாடகம் ஒருவழியாகத் தொடங்கி முக்கால்வாசி போனபோது விழா அமைப்பாளர் ஓடிவந்தார். என்னிலும் இளையவர்.

"அக்கா, நேரம் போட்டுது. பத்து மணிக்கு ஹோலைத் திருப்பிக் குடுக்க வேணும். கடைசிக் காட்சியை விடுவம். உங்களைக் கௌரவிக்கிறது இருக்கெல்லோ, ஸ்பொன்சரும் வந்து நிக்கிறார், அதை விடேலாது."

"தம்பி, நடிக்க விடாமல் நடிகையெண்டு என்னத்துக்குக் கௌரவிக்கப் போறீர்?" என்று கேட்டேன்.

பகிடி என்று நினைத்தாராக்கும், சிரித்தார். எழுதிய பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. திரையை மூடினார்கள். தாய் மகன் வீட்டில் பேசாமல் சமைத்துக்கொண்டிருப்பதோடு நாடகம் முடிந்தது. அந்தப் பிள்ளை எதை எதிர்த்து எழுதினாளோ, அதையே அவள் பெயரில் மேடையேற்றிவிட்டார்கள். சனம் நன்றாகக் கைதட்டியது.

உடனே என்னை மேடைக்கு அழைத்து, நாடகத்துக்கே வாழ்ந்தவர் என்று ஆளுக்காள் புகழ்ந்தார்கள். அந்தப் புகழ்ச்சி நேரத்துக்குள் என் காட்சியை அவசரமில்லாமல் ஆறுதலாக நடித்து முடித்திருக்கலாம். முகவர் பொன்னாடை போர்த்தினார். ஏற்புரை சொல்லுங்கோ என்று மைக்கைத் தந்தார்கள்.

பொன்னாடையைக் கழற்றி மடித்துக் கதிரையில் போட்டேன். மைக்கை நிலத்தில் வைத்தேன். எனக்கு அது தேவையில்லை.

"மகன், நான் வெளிக்கிடுறன். சாப்பாடு பிறிட்ஜுக்கை இருக்கு. நாளைக்கு நீங்கள் சமைக்க வேணும்."

முன்வரிசையில் ஒருத்தி படம் எடுத்துக்கொண்டிருந்த கைபேசியைக் கீழே இறக்கினாள். விளக்கை அணைக்க வந்த மண்டபக் காவலாளி, தமிழ் தெரியாத மனுஷன், சுவிச்சில் கையை வைத்தபடி நின்றார். நான் நின்றேன். எவ்வளவு நேரம் நிற்க வேண்டுமோ அவ்வளவு நேரம் நின்றேன். பிறகு விருந்தினர் மேசையில் திறப்பை வைத்தேன்.

அமைப்பாளர் மைக்கைப் பொறுக்கியெடுத்து, அக்கா கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டிட்டா என்று அறிவித்துவிட்டு, அதிர்ஷ்டலாபச் சீட்டு குலுக்கத் தொடங்கினார். நான் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் அமைப்பாளர் தொலைபேசியில் வந்தார். பொன்னாடையை விட்டுவிட்டுப் போய்விட்டேனாம், கொண்டுவந்து தரட்டாமா.

"எனக்குப் பொன்னாடை வேண்டாம் தம்பி. அந்த நாடகத்தைத் திரும்பப் போடும். முழுசாப் போடும். பேச்சு ஒண்டும் வேண்டாம்."

யோசிப்பம் அக்கா என்றார்.

அடுத்த கிழமை கடைக்குப் போகக் கதவைத் திறந்தேன். கைபிடியில் ஒரு பிளாஸ்ரிக் பை தொங்கியது. கொண்டுவந்தவர் மணியைக்கூட அடிக்கவில்லை. உள்ளே பொன்னாடை. அதற்கு மேல், நான் மேசையில் வைத்துவிட்டு வந்த திறப்பு.